லென்ஸின் பின்னால் இரண்டடுக்கு வலை

1. முதல் நாளின் ஏழு ஷாட்டுகள்

ஒளிப்பதிவாளர் என்ற சொல்லுக்கு எதிரே கயல் என்ற என் பெயர் கிளாப் பலகையில் முதன்முதலாக எழுதப்பட்ட அன்று, நான் எடுத்த பத்து ஷாட்டுகளில் ஏழு வீணாயின. ஒடுகத்தூர்ச் சமவெளி கீழே விரிந்து கிடக்க, ஜவ்வாது மலைப்பாதையின் ஒரு வளைவில் நின்று எடுத்தவை அவை. மாலை நான்கு மணிக்குப் பெரிய மானிட்டரில் போட்டுப் பார்த்தோம். தொலைவில் இருந்த முகடு ஒன்றுகூடத் தெளிவாக இல்லை.

“இதுதான் கயல் லுக்கு! அப்படியே பழைய படம் மாதிரி இருக்கு,” என்று இயக்குநர் பரணி மகிழ்ந்தார்.

அவருக்குப் பின்னால் நின்ற ரஹீம் தொண்டையைச் செருமினார். லென்ஸ் வளையத்தைத் திருப்பிப் படத்தைத் தெளிவில் நிறுத்தும் ஃபோகஸ் புல்லர் அவர். வாணியம்பாடிக்காரர், என்னைவிட ஐந்து வயது மூத்தவர், தேவைக்கு மேல் ஒரு சொல் பேசாதவர்.

“சார், இது லுக்கு இல்ல. இது அவுட்.”

அவர் சொன்னதே சரி. எடுத்த படம் மங்கலாக இருந்ததற்கும் அழகாக இருந்ததற்கும் வேறுபாடு தெரியாமல் நானும் ஒரு பகல் முழுவதும் மயங்கிக் கிடந்திருக்கிறேன்.

நடந்தது இதுதான். நாங்கள் எடுத்தது நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய கதை. மலைக்கு முதன்முதலாகப் பேருந்து வருகிறது. பேருந்து நிற்கும் இடத்தில் கடை போட்ட ஒரு பெண், வெளியூர் போன தன் கணவனுக்காகக் காத்திருக்கிறாள். இன்றைய டிஜிட்டல் கேமரா எல்லாவற்றையும் கத்தியால் செதுக்கியதுபோல் காட்டும். அந்தக் கூர்மை கதைக்கு ஆகாது. எனவே ஃபில்டர் வேண்டும் என்று முடிவு செய்தேன். வழக்கமாக ஃபில்டரை லென்ஸின் முன்னால் மாட்டும் மேட் பாக்ஸ் என்ற சட்டத்தில் செருகுவார்கள். நான் பின்னால் வைத்தேன். லென்ஸைக் கழற்றி, ஒளியைப் பதியும் சென்சாரை நோக்கியிருக்கும் அதன் பின்பக்க வளையத்தில் இரட்டைப் பக்க டேப்பை ஒட்டி, வேலூரில் வாங்கிய கறுப்பு ஸ்டாக்கிங் துணியை இரண்டடுக்காக, மத்தளத் தோலைப் போல் விறைப்பாக இழுத்துப் பதித்தேன். அதன்மேல் தேநீர் நிற ஜெலட்டின் தாள் ஒன்றை வட்டமாக வெட்டி வைத்தேன்.

முன்னால் கட்டும் வலையில் வெயில் நேரே விழுந்தால் படம் முழுதும் வெளுக்கும். லென்ஸை மாற்ற மாற்றத் தோற்றமும் மாறும். பின்னால் ஒட்டிய வலையோ வெயிலுக்கு ஒளிந்து நிற்கும். விளக்கு, வானம், பித்தளைக் குடத்தின் விளிம்பு என எங்கெல்லாம் ஒளி மிகுகிறதோ அங்கெல்லாம் மெல்லிய ஒளிவட்டம் படரும். கறுப்பு சற்றே வெளிறும். தோல் மிருதுவாகும். இன்று எடுத்த படம், யாரோ பல ஆண்டுகளாக நினைவில் வைத்திருந்த காட்சியைப் போல் ஆகிவிடும்.

இவ்வளவும் எனக்குத் தெரிந்திருந்தது. வலை ஃபோகஸைத் தொடாது. ஆனால் ஜெலட்டின் தாள் எவ்வளவு மெல்லியதானாலும் ஒளியைத் தலைமுடியளவு தள்ளிப் போடும், அகன்ற காட்சிக்கான வைடு லென்ஸ் அந்த முடியளவைக்கூடப் பொறுக்காது என்பது மட்டும் தெரியவில்லை. லென்ஸில் எழுதியிருந்த தூர அளவுகள் அனைத்தும் பொய்யாகிவிட்டன. ரஹீம் சரியான குறியில்தான் நிறுத்தினார். குறிதான் இடம் பெயர்ந்திருந்தது.

அந்த ஏழு ஷாட்டுகளையும் மறுநாளே திரும்ப எடுத்துவிட்டோம். திரும்ப எடுக்க முடியாமல் போன வேறொன்றைப் பற்றி எழுதவே இக்குறிப்பைத் தொடங்கினேன்.

2. சார்ட்டைப் பிடித்தவர்

நான் கணியம்பாடியைச் சேர்ந்தவள். ஒளிப்பதிவுக்கு வருமுன் சொற்போர் மேடைகளில் வளர்ந்தவள். கல்லூரி நாள்களில் என் பெயரை அறிவித்ததும் எதிரணியில் ஒருவர் தண்ணீர் குடிப்பார். அந்தப் பெருமிதத்தை நான் மறைத்ததில்லை, இப்போதும் மறைக்கவில்லை. ஒரு வாதத்தை எந்த இடத்தில் முறிக்க வேண்டும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும் என்று நம்பியிருந்தேன்.

இரண்டாம் நாள் காலையில் ரஹீம் ஒரு நிபந்தனை வைத்தார். ஒவ்வொரு லென்ஸுக்கும் இரண்டு டெஸ்ட் கிளிப் எடுக்க வேண்டும். முதலில் வெறும் லென்ஸில் ஒன்று. பிறகு வலையும் தாளும் ஒட்டி இன்னொன்று. இரண்டையும் ஒப்பிட்டு, லென்ஸ் வளையத்தில் புதிய குறிகள் போடுவார். அதற்கு நட்சத்திரக் கோடுகள் அச்சிட்ட ஃபோகஸ் சார்ட்டை ஒருவர் அசையாமல் பிடித்து நிற்க வேண்டும். ரஹீமின் உதவியாளர் காய்ச்சலில் ஊருக்குப் போய்விட்டார்.

அந்த நேரத்தில்தான் காலைச் சாப்பாட்டுடன் செல்வி அக்கா வந்து இறங்கினார். ஒடுகத்தூரில் அவரும் அவர் கணவர் முருகேசனும் ஒரு மெஸ் நடத்தினார்கள். எங்கள் பன்னிரண்டு நாள் படப்பிடிப்புக்கும் சாப்பாடு அவர்களுடைய மினி லோடு வண்டியில்தான் மலையேறியது.

“அக்கா, இத்த கொஞ்சம் மூஞ்சி கிட்ட புடிச்சிக்கினு நில்லுங்க,” என்று சார்ட்டை நீட்டினார் ரஹீம்.

“இன்னா பாய் இது, கண்ணு டெஸ்ட்டா? எனக்கு ரெண்டு கண்ணும் நல்லாத்தான் கீது.”

“உங்களுக்கு இல்லக்கா, எங்களுக்கு.”

“அப்ப நேத்து எடுத்ததெல்லாம் குருட்டுக் கண்ணுலயா?”

யூனிட் முழுவதும் சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

கேமரா ஓடியது. சார்ட்டுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. “எவ்ளோ நேரம் இப்டியே நிக்கறது? அங்க பொங்கல் ஆறிக்கினு கீது. ஆறினா என்னியத்தான் திட்டுவீங்க.”

“முடிஞ்சிதுக்கா, எறக்குங்க,” என்றார் ரஹீம். சார்ட் இறங்கத் தொடங்கியது. நான் “கட்” என்றேன். மெமரி கார்டில் இடம் வீணாகக் கூடாது என்பது நான் கற்றிருந்த ஒழுங்கு.

பரணி மானிட்டரைப் பார்க்கவில்லை. சார்ட்டை இறக்கிவிட்டு நின்ற முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரப் பெண்ணாக நடிக்க ஒப்புக்கொண்டிருந்த நடிகை, தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் மாட்டிக்கொண்டு வர முடியாது என்று முந்தைய நாள்தான் சொல்லியிருந்தார்.

“கயல், நம்ம கடைக்காரம்மா இவங்கதான்,” என்றார்.

செல்வி அக்கா தன் பின்னால் யாரும் நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். “நானா? எனக்கு நடிக்க வராது சார். தோ அவரு நல்லா நடிப்பாரு. தண்ணி புடிச்சி ஊத்துன்னா போதும், இடுப்பு வலின்னு அப்டி நடிப்பாரு.”

அண்டாவை இறக்கிக்கொண்டிருந்த முருகேசன் நிமிர்ந்தார். “நீ போய் நடிச்சா இவங்களுக்கெல்லாம் யாரு சாம்பார் ஊத்தறது?”

“நீங்க ஊத்துங்க. பதினெட்டு வருசமா நான் ஊத்தல? கை இன்னா தேஞ்சா பூட்ச்சி?”

மூன்று நாள்கள் நடித்தார். கேமராவைக் கண்டு அஞ்சாமல், புளியை எடை போட்டுக் காகிதத்தில் மடிக்கும் கைகளைப் பார்க்காமல், பாதையையே பார்த்துக் காத்திருந்தார்.

3. தழும்பு

செல்வி அக்காவின் இடப் புருவத்தை அறுத்துக்கொண்டு நெற்றி வரை ஒரு தழும்பு ஏறியிருந்தது. ஒப்பனைக்காரர் அதன்மேல் விரலை வைத்ததும் அவர் தலையைப் பின்னுக்கு இழுத்தார்.

“அத்த மூடாதீங்க தம்பி. அதான் எங்க கல்யாணத்துக்கு சாட்சி.”

திருமணமான முதல் ஆண்டு. இதே மலைப்பாதையில் முருகேசன் மொபெட் ஓட்டி வர, கொண்டை ஊசி வளைவொன்றில் இருவரும் விழுந்தார்களாம். அவருக்கு முழங்காலில் சிராய்ப்பு. இவருக்குப் புருவத்தில் ஏழு தையல்.

“இப்பவும் மேல வரும்போது ஒவ்வொரு வளைவுலயும் இத்த தொட்டுக் காட்டுவேன். மனுசன் ஒடனே ஸ்பீடைக் கொறைச்சிடுவாரு. வண்டிக்கு ரெண்டு பிரேக்குன்னா இவருக்கு மூணு,” என்றார்.

“சும்மா இரு. எல்லாரும் கேக்கறாங்க,” என்று முருகேசன் வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார். ஆனால் அவர் சிரித்துக்கொண்டுதான் போனார்.

செல்வி அக்கா என் பக்கம் திரும்பினார். “மேடம், இந்தத் தழும்பு நல்லா தெரியணும். தியேட்டர்ல இம்மாம் பெரிசா தெரியணும். பாத்துட்டு இவரு சீட்டுக்கு அடியில பூந்துக்கணும்.”

“கவலைப்படாதீங்கக்கா. தழும்பு, சுருக்கம் எதுவுமே தெரியாம அவ்வளவு அழகா வருவீங்க,” என்றேன்.

அவர் கேட்டது ஒன்று. நான் வாக்களித்தது அதற்கு நேர்மாறானது. அதை நான் அப்போது கவனிக்கவே இல்லை. எதிரணியின் சொல்லை ஒரு சொல் விடாமல் கேட்கப் பயின்ற காது, எதிரில் நின்ற ஒரு பெண் தெளிவாகக் கேட்டதைக் கேட்கவில்லை. இரண்டடுக்கு வலை போதாதென்று விளக்கையும் முகத்துக்கு நேரே வைத்தேன். தழும்பின் மேடு நிழல் விழாமல் சமமாயிற்று.

முதல் க்ளோஸ்-அப் முடிந்ததும் மானிட்டர் அருகே வந்து நின்று வெகுநேரம் பார்த்தார்.

“இன்னா மேடம், என் மூஞ்சிக்குக் கொசுவலை கட்டி வெச்சிக்கிறீங்க?”

“பழைய காலத்துத் தோற்றம்கா. நல்லா இல்லையா?”

“நல்லாத்தான் கீது. எங்க பெரியக்கா மாதிரி கீது.” சற்று நிறுத்தி, “அவங்க செத்து ஆறு வருசம் ஆவுது, பாவம்,” என்று சொல்லிவிட்டு, தட்டு கழுவ ஆள் வரவில்லை என்று எழுந்து போனார்.

4. நான் வென்ற வாதம்

அன்று மதிய உணவு இடைவேளையில் ரஹீம் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார்.

“மேடம், முக்கியமான ஷாட்டுக்கு மட்டும் கடைசியில ஒரு க்ளீன் டேக் எடுத்துக்கலாமா? சேஃப்டிக்கு. முன்னாடி போடற ஃபில்டர்னா உருவிட்டு எடுத்துடலாம். இது பின்னாடி ஒட்டினது. படத்துக்குள்ள போய்ட்டா போனதுதான்.”

வலையில்லாத லென்ஸில் ஒரு முறை எடுத்து வைத்துக்கொண்டால், பிற்பாடு எது வேண்டுமோ அதைத் தேர்ந்துகொள்ளலாம். அவர் கேட்டது அவ்வளவே. நான் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றேன். உட்கார்ந்துகொண்டு வாதிட எனக்கு வராது.

தெளிவான படம் ஒன்று கையிருப்பில் இருந்தால், இந்த மலையைப் பார்த்தே இராத யாரோ ஒருவர், குளிர்பதன அறையில் உட்கார்ந்து அதைத்தான் தேர்ந்தெடுப்பார் என்றேன். லென்ஸுக்கும் சென்சாருக்கும் இடையில் பிறக்கும் ஒளிவட்டத்தை எந்தக் கணினியும் அதே உயிருடன் பின்னர் உண்டாக்காது என்றேன். திரும்பிப் போக வழி வைத்துக்கொண்டு எடுக்கும் முடிவு முடிவே அல்ல, அது ஒத்திவைப்பு என்றேன். இவற்றில் ஒன்றும் பொய்யில்லை. இன்றும் ஒரு மேடையில் நிறுத்தினால் இவற்றுக்காக வாதிடுவேன். லென்ஸைக் கழற்றி, வலையைப் பிரித்து, மறுபடி ஒட்ட இருபது நிமிடம் ஆகும் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டேன். உண்மையான காரணங்களில் அதுவும் ஒன்று.

பரணி கைதட்டினார். ரஹீம் மோர்ச் சாதத்தைப் பிசைந்துகொண்டே, “உங்ககிட்ட பேசி ஜெயிக்க முடியுமா மேடம்? விடுங்க,” என்றார். நான் அதை வெற்றி என்று கணக்கில் எடுத்துக்கொண்டேன்.

செல்வி அக்காவின் காட்சிகள் முடிந்த நாள் மாலை, வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. அடுத்த ஷாட்டுக்காக நாங்கள் ஓடிக்கொண்டிருந்தோம். அவர் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு வந்து நின்றார்.

“மேடம், ஒரே ஒரு போட்டோ தெளிவா எடுத்துக் குடுங்களேன், வூட்ல மாட்டறதுக்கு. போன மாசம் என் போனு சாம்பார் அண்டாவுல வுழுந்துடுச்சி. இருந்த போட்டோ எல்லாம் சாம்பாரா பூட்ச்சி. இவரு வெச்சிக்கினு கீறது பட்டன் போனு.”

படப்பிடிப்புத் தளத்தில் செல்போன் கூடாது என்பது பரணியின் விதி. எல்லார் போனும் புரொடக்‌ஷன் பெட்டியில் பூட்டியிருந்தது. கேமராவில் எடுக்கலாம் என்றால் அதில் வலை ஒட்டிய லென்ஸ். வெளிச்சமோ இன்னும் கால் மணி நேரம்.

“படம் வரும்போது பெரிசாவே ஒன்னு போட்டுத் தர்றேன்கா,” என்றேன்.

“அப்டியா? மறந்துடாதீங்க மேடம். தழும்போட,” என்று புருவத்தைத் தட்டிக் காட்டிவிட்டு வண்டியில் ஏறினார்.

5. பதினாறாம் நாளுக்கு முன்

நான்கு மாதம் கழித்து, சென்னையில் எடிட்டிங் நடந்துகொண்டிருந்தபோது முருகேசனிடமிருந்து அழைப்பு வந்தது. செல்வி அக்காவுக்குக் காய்ச்சல் வந்ததாகவும், ஆறு நாள் இருந்ததாகவும், போய்விட்டதாகவும் அந்த வரிசையில் சொன்னார். குரல் உடையவில்லை. மெஸ்ஸில் யாருக்கோ பதில் சொல்வதுபோல் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

“காரியத்துக்கு ஒரு போட்டோ வேணும் மேடம். பதினாறாம் நாளு. கல்யாண போட்டோவுல தழும்பு இல்ல, அது அப்புறம்தான் ஆச்சு. ஆதார் கார்டுல கீறது அவளே இல்ல. சொந்தக்காரங்க கல்யாண ஆல்பம் அத்தினியும் புரட்டிட்டேன். எந்தக் கல்யாணத்துலயும் அவ சமையக்கட்டுலதான் கீறா. நீங்கதான் அம்மாம் பெரிய கேமராவுல மூணு நாளு எடுத்தீங்களே.”

“நானே கொண்டு வர்றேங்க,” என்றேன்.

மிகச் சிறந்ததென நான் கருதிய ஐந்து ஃபிரேம்களைத் தேர்ந்து, பெரிதாக அச்சிட்டு எடுத்துக்கொண்டு ஒடுகத்தூருக்குப் போனேன். மெஸ் பூட்டியிருந்தது. வீட்டு வாசலில் போட்டிருந்த பந்தலின் கீழே முருகேசன் ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார்.

“அழகா கீறா மேடம்,” என்றார். பிறகு அடுத்தவரைப் புண்படுத்தக் கூடாது என்கிற குரலில், “தெளிவா ஒன்னு இல்லீங்களா? இதுல தழும்பு எங்கன்னு தெரியல,” என்றார்.

ஒளிவட்டம், கறுப்பின் வெளிறல், காலத்தின் சாயல் என்று எத்தனையோ சொற்கள் என்னிடம் இருந்தன. அந்தப் பந்தலுக்கு உரியதாக அவற்றில் ஒன்றுகூட இல்லை.

“இன்னும் பார்க்கறேங்க,” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். பதினாறாம் நாளுக்கு ஐந்து நாள் இருந்தது.

சென்னையில், படத்தின் நிறத்தைச் சீர்செய்யும் கலரிஸ்டுடன் இரண்டு நாள் உட்கார்ந்தேன். கான்ட்ராஸ்டை ஏற்றினோம், கூர்மையைக் கூட்டினோம். கூட்டக் கூட்ட வலையின் கண்ணிகள்தாம் முகத்தின்மேல் எழுந்து வந்தன. சென்சாரைத் தொடுமுன்பே சிதறிவிட்ட ஒளியை யாராலும் திரும்பக் கூட்ட இயலாது. இதைத்தானே நான் தளத்தில் நின்று பெருமையுடன் சொன்னேன்? யாரும் பின்னர் மாற்ற முடியாதபடி எடுக்கிறேன் என்று. மாற்ற முடியவில்லை.

வேலூரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஒருவர், இடம் சொன்னால் தழும்பை வரைந்து தருவதாகச் சொன்னார். முருகேசனிடம் போனில் கேட்டேன்.

“வேணாம் மேடம். அது அவரு போடற கோடு. அவ மூஞ்சில கீறது நான் போட்டது.”

அன்று பிற்பகல் ரஹீமை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். வாதம் எதுவும் இல்லாமல், நடந்ததை நடந்தபடி. அவர் “நான் அன்னிக்கே சொன்னேன்” என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

“மேடம், ரெண்டாம் நாள் காலையில சார்ட் டெஸ்ட் எடுத்தோமே. முதல் கிளிப் வெறும் லென்ஸு. புடிச்சிக்கினு நின்னது அக்காதானே?”

“அது டெஸ்ட். அன்னிக்கே அழிச்சிருப்போமே, ரஹீம்.”

“கார்டுல அழிச்சோம். என் டிஸ்க்ல கீது. டெஸ்ட் கிளிப்பை நான் அழிக்க மாட்டேன். குறி தப்பாச்சுன்னா நாளைக்கு என்னியத்தானே கேப்பாங்க?”

ஒரு மணி நேரத்தில் கிளிப் வந்து சேர்ந்தது. நாற்பது நொடி. வலை இல்லை, தாள் இல்லை. மலைக் காலையின் வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிறது. நட்சத்திரக் கோடுகள் ஊசிமுனையாகத் தெரிகின்றன. சார்ட்டைப் பிடித்த இரண்டு கைகள். வலக் கைக் கட்டைவிரலில் எண்ணெய் தெறித்த மூன்று புள்ளிகள். அந்தப் புள்ளிகளை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். முகம் முழுதும் சார்ட்டுக்குப் பின்னால். பொங்கல் ஆறிக்கொண்டிருப்பதாக அந்தக் குரல் சொல்கிறது. எறக்குங்க என்று ரஹீம் சொல்கிறார். சார்ட் இறங்குகிறது. முடி தெரிகிறது, நெற்றி தெரிகிறது, புருவம் தெரிகிறது. அதை அறுத்துக்கொண்டு ஏறும் தழும்பு, ஏழு தையலும் எண்ணக்கூடிய தெளிவில் தெரிகிறது. இரண்டு கண்களும் தெரிகின்றன.

அந்த இடத்தில் என் குரல் “கட்” என்கிறது. படம் நின்றுவிடுகிறது.

கண்களுக்குக் கீழே சார்ட் மட்டுமே. ஃபிரேம் ஃபிரேமாக எண்ணினேன். தழும்பு தெரிவது பதினொரு ஃபிரேம். அரை நொடிகூட இல்லை.

6. காரியம்

காரியத்துக்கு முந்தைய நாள் லேப்டாப்புடன் ஒடுகத்தூருக்குப் போய் முருகேசனிடம் அதைப் போட்டுக் காட்டினேன். அவர் திரைக்கு வெகு அருகில் குனிந்தார். தழும்பு தெரிந்த இடத்தில் அவருடைய விரல் திரையைத் தொட்டது. கண்ணாடி என்று உணர்ந்ததும் விரலை எடுத்துக்கொண்டார்.

“இதான் மேடம். இதான் அவ.” படம் நின்றதும், “அப்புறம்?” என்றார்.

“அவ்வளவுதாங்க.”

“சார்ட்டை முழுசா எறக்கினா இல்ல? எனக்கு நல்லா ஞாபகம் கீது. நான் அண்டா எறக்கிக்கினு இருந்தேன். எறக்கிட்டு சிரிச்சா. அது எங்க?”

“அதுக்குள்ள கேமராவை நிறுத்திட்டேங்க.”

அவர் திரும்ப ஒரு முறை போடச் சொன்னார். போட்டேன். இம்முறை கண்ணை மூடிக்கொண்டு, அந்தக் குரலை மட்டும் கேட்டார். கடைசிச் சொல் வந்ததும் கண்ணைத் திறந்தார்.

“கட்டுன்றது நீங்களா மேடம்?”

“ஆமாங்க.”

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு மறுமொழி கூறும் வாய்ப்பாவது கிடைத்திருக்கும். “சரிங்க, இதையே போட்ருங்க. கண்ணைப் பாத்தா சிரிக்கற மாதிரிதான் கீது இல்ல?” என்று மட்டும் கேட்டார். நான் உறுதியாகச் சொல்லவில்லை, எனக்குத் தெரியவில்லை. அந்தக் காலையில் எதிரே நின்றும் நான் அந்த முகத்தைப் பார்த்திருக்கவில்லை. மானிட்டரில் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினாறாம் நாள் அந்தப் படத்தைச் சட்டமிட்டு நாற்காலியில் வைத்தார்கள். சம்பங்கி மாலையை முருகேசன் தன் கையாலேயே சாத்தினார். மாலை தாழ்ந்து விழுந்து சார்ட்டை மறைத்தது. வந்தவர்கள் எல்லாரும் நெற்றியையும் தழும்பையும் கண்களையும் பார்த்து, பூவுக்குக் கீழே மீதி முகம் இருக்கிறது என்றே எண்ணிக் கும்பிட்டுப் போனார்கள். இல்லை என்பது எங்கள் இருவருக்கு மட்டும் தெரியும்.

இத்தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. லென்ஸின் பின்னால் வலை ஒட்டுங்கள்; அழகான உத்தி அது, நானும் இன்னும் ஒட்டுகிறேன். ஜெலட்டின் தாள் வைத்தால் குறிகளைத் திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் யார் முகத்தை எடுக்கிறீர்களோ அவரிடம், எப்படித் தெரிய விரும்புகிறீர்கள் என்று கேளுங்கள். கேட்டால் போதாது, அவர் சொல்வதைக் காதில் வாங்குங்கள். இருபது நிமிடம் செலவானாலும் வலையில்லாமல் ஒரு முறை எடுத்து வையுங்கள். படத்துக்கு அது தேவைப்படாமல் போகலாம். நாம் பழைய காலத்தைச் செய்து காட்டுகிறோம் என்று நினைக்கும்போது, நம் எதிரே நிற்பவர் பழையவர் அல்லர். அந்த நேரத்தில் உயிருடன், பசியுடன், பொங்கல் ஆறுகிறதே என்ற கவலையுடன் நிற்கிறார்.

இப்போதும் ஒவ்வொரு படத்திலும் ரஹீம்தான் எனக்கு ஃபோகஸ். காலையில் சார்ட் டெஸ்ட் எடுக்கிறோம். லைட்பாய், டிரைவர், டீ கொண்டுவருபவர் என்று யாரோ ஒருவர் சார்ட்டைப் பிடித்து நிற்கிறார். ரஹீம் எறக்குங்க என்கிறார். சார்ட் இறங்குகிறது. நெற்றி, கண், மூக்கு, வாய் எல்லாம் தெரிகின்றன. பெரும்பாலும் சிரிக்கிறார்கள், சிலர் வெட்கப்பட்டு, முடிந்ததா என்று கேட்கிறார்கள். நான் கட் சொல்வதில்லை. அவர்களாகத் திரும்பி நடந்து ஃபிரேமை விட்டுப் போகும்வரை கேமரா ஓடுகிறது.